கனடாவில் பண்ணை வேலை: ஏஜென்டிடம் பணம் கொடுக்கும் முன்பிருந்து முதலாளியை விட்டு வெளியேறும் வரை

கனடாவுக்குப் பண்ணை வேலைக்கு வருகிறவர் கையில் விமான நிலையத்தில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதுதான் வொர்க் பெர்மிட். அதில் உங்கள் பெயரோடு ஒரு முதலாளியின் பெயரும் அச்சாகியிருக்கும், அவரிடம் மட்டும்தான் நீங்கள் வேலை செய்யலாம். பக்கத்துப் பண்ணையில் மணிக்கு இரண்டு டாலர் கூடக் கொடுத்தாலும் போக முடியாது. தங்குகிற வீடும் பெரும்பாலும் அதே முதலாளியுடையது, கடைக்குப் போகிற வண்டியும் அவருடையது.

தொழிலாளர் சட்டம் கனடாவில் குறைவு என்று சொல்ல முடியாது, நிறையவே இருக்கிறது. ஆனால் வாயைத் திறந்தால் வேலை போகும், வேலை போனால் தலைக்கு மேல் இருக்கிற கூரையும் போகும், ஊரில் வட்டிக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கும் என்ற பயத்தில் அந்தச் சட்டங்களைத் தொடுகிறவர்கள் குறைவு. 2023இல் இங்கே ஆய்வுக்கு வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபோகாட்டா, இந்தத் தற்காலிகத் தொழிலாளர் திட்டம் நவீன அடிமைமுறை முளைக்கிற இடமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அரசுக்கு அது பிடிக்கவில்லை, அது வேறு கதை.

நான் வக்கீல் இல்லை. ஒன்டாரியோவில் இருக்கிறேன், தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு அவ்வப்போது மொழிபெயர்த்து உதவுவேன், அதில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். மாகாணச் சட்டம் வரும் இடங்களில் ஒன்டாரியோவை வைத்துச் சொல்கிறேன், மற்ற மாகாணங்களில் விவரம் மாறும்.

முதல் படி: எந்தத் திட்டத்தில் வருகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பண்ணை வேலைக்கு ஆள் எடுப்பதில் முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம். 1966இல் ஜமைக்காவோடு தொடங்கியது, 1974இல் மெக்சிகோ சேர்ந்தது. இன்றைக்கும் அது மெக்சிகோவுக்கும் 11 கரீபிய நாடுகளுக்கும் மட்டும்தான், அதிகபட்சம் எட்டு மாதம். இந்தியப் பாஸ்போர்ட்டிலோ இலங்கைப் பாஸ்போர்ட்டிலோ அதில் வரவே முடியாது. ஆகவே "சீசனல் புரோகிராம்ல சீட் இருக்கு" என்று ஒருவர் உங்களிடம் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, விவசாயப் பிரிவு. எந்த நாட்டவரும் வரலாம், அதிகபட்சம் 24 மாதம். நம் ஆட்கள் வருவது இந்த வழியில்தான். லீமிங்டன் பக்கத்துத் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய்ப் பசுமைக்குடில்கள், காளான் கூடங்கள், நயாகரா பழத்தோட்டங்கள் என்று வேலை இருக்கும். இதற்கு முதலாளி முதலில் எல்.எம்.ஐ.ஏ. என்ற அனுமதியை வாங்க வேண்டும், அதாவது உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று அரசிடம் காட்டி ஒப்புதல் வாங்குவது. அது கிடைத்த பிறகுதான் உங்கள் வொர்க் பெர்மிட் விண்ணப்பம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விசிட்டர் விசாவில் போய் இறங்கு, அங்கே வொர்க் பெர்மிட்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொரோனா காலத்தில் அப்படி ஒரு தற்காலிக ஏற்பாடு இருந்தது உண்மைதான். 2024 ஆகஸ்ட் 28இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாம் படி: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

பலருக்கு இந்த இடத்தில்தான் முதல் அடி விழுகிறது, அதுவும் விமானம் ஏறுவதற்கு முன்பே. கணக்கைப் பாருங்கள். வொர்க் பெர்மிட் கட்டணம் 155 டாலர், கைரேகைக்கும் புகைப்படத்துக்கும் 85 டாலர், இரண்டும் கனடா அரசுக்கு. அதற்கு மேல் மருத்துவப் பரிசோதனைச் செலவு. நீங்கள் கட்டவேண்டியது இவ்வளவுதான். எல்.எம்.ஐ.ஏ.வுக்கு மற்றத் தொழில்களில் முதலாளி 1000 டாலர் கட்ட வேண்டும், ஆனால் பண்ணை வேலைகளுக்கு அந்தக் கட்டணமே கிடையாது. முதலாளிக்கே இலவசமாகக் கிடைக்கிற ஒரு காகிதத்தைத்தான் லட்சக்கணக்கில் விலை வைத்து நம்மிடம் விற்கிறார்கள்.

ஆள் சேர்ப்பதற்கான கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்குவது சட்டப்படி குற்றம். 2022 செப்டம்பர் 26 முதல் அமலில் உள்ள விதிகளின்படி முதலாளி தானும் வாங்கக்கூடாது, அவர் சார்பில் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் வாங்கினாலும் அவர்தான் பொறுப்பு. ஒன்டாரியோவில் இதற்குத் தனிச் சட்டமே உண்டு, வெளிநாட்டவர் வேலைவாய்ப்புப் பாதுகாப்புச் சட்டம், 2009. ஆள் சேர்க்கும் கட்டணத்துக்கும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பதற்கும் அது தடை போடுகிறது. 2024 ஜூலை 1 முதல் ஒன்டாரியோவில் ஆள் சேர்க்கும் ஏஜென்டுகள் உரிமம் வாங்கியிருக்கவும் வேண்டும்.

விமானச் செலவும் உங்களுடையது அல்ல. விவசாயப் பிரிவில் வரவும் போகவும் ஆகிற பயணச் செலவு முதலாளியின் பொறுப்பு. அதைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது.

சரி, ஏஜென்டை எப்படிச் சோதிப்பது? இந்தியாவில் என்றால் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், பெயரைப் போட்டுப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது, ரூ.30,000ம் ஜி.எஸ்.டி.யும். இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற எண்ணில் கேட்கலாம். கனடாப் பக்கத்தில் குடிவரவு ஆலோசகர் என்று சொல்லிக்கொள்கிறவர் அங்குள்ள குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் (பெயர்தான் கல்லூரி, ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கிற அமைப்பு அது) உறுப்பினரா என்று இணையத்திலேயே தேடலாம். உரிமம் இல்லாதவர் காசுக்கு ஆலோசனை சொல்வதே குற்றம்.

முதலாளியையும் சோதியுங்கள். எல்.எம்.ஐ.ஏ. ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைக் கனடா அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. விதிமீறி மாட்டியவர்களின் பட்டியல் தனி, அதில் நிறுவனத்தின் பெயர், முகவரி, அபராதத் தொகை, எத்தனை வருடத் தடை எல்லாம் இருக்கும். பத்து நிமிட வேலை. பத்து லட்சம் கொடுக்கத் தயாராக இருக்கிறவர்கள் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிப்பதில்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்களா? ரசீது தரமாட்டார்கள், தெரியும். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்ஆப்பில் "பேலன்ஸ் எப்போ?" என்று அவர் கேட்ட செய்தி, வாய்ஸ் நோட் எதையும் அழிக்காதீர்கள். பிற்பாடு இவையெல்லாம் சாட்சியாகும்.

மூன்றாம் படி: ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள்

வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று முதல் வேலை நாளுக்குள் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் இருக்கும், போட்டோ எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது புரிந்துகொள்ளுங்கள். மணிக்கு எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன வேலை, எந்த இடத்தில், வீட்டுக்கு எவ்வளவு பிடிப்பு என்ற இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

விமான நிலையத்தில் பெர்மிட்டைக் கையில் கொடுத்ததும் அங்கேயே நின்று படியுங்கள். முதலாளி பெயர், இடம், முடிகிற தேதி. தவறு இருந்தால் அந்த அதிகாரியிடமே சொல்லித் திருத்துவது சுலபம், வெளியே வந்த பிறகு அது மாதக்கணக்கில் இழுக்கும்.

நான்காம் படி: முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

சின் என்கிற சமூகக் காப்பீட்டு எண்ணை வாங்குங்கள். தற்காலிகத் தொழிலாளருக்கு அது 9இல் தொடங்கும். உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு. மாகாண மருத்துவ அட்டைக்கு விண்ணப்பம், அது வரும்வரை தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருவது முதலாளியின் கடமை, அதற்கும் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது.

பாஸ்போர்ட் உங்களிடம்தான் இருக்க வேண்டும். "பத்திரமா இருக்கட்டும்னு ஆபீஸ்ல வைக்கிறோம்" என்பார்கள், மரியாதையாக மறுத்துவிடுங்கள். பாஸ்போர்ட், பெர்மிட், ஒப்பந்தம் மூன்றையும் படம் எடுத்து ஊரில் நம்பகமான ஒருவருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி வையுங்கள். போன் தண்ணீரில் விழும், திருடு போகும், சில இடங்களில் பறிக்கவும் பறிப்பார்கள்.

ஐந்தாம் படி: நோட்டுப் புத்தகம்

இந்த முழு வழிகாட்டியிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு டாலர் கடையில் சின்ன நோட்டு ஒன்று வாங்கி தினமும் தூங்கும் முன் எழுதுங்கள்: தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது, சாப்பாட்டு இடைவேளை, என்ன வேலை, சூப்பர்வைசர் யார். தமிழில் எழுதினால் போதும். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரப் பக்கத்தைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுங்கள், அனுப்பிய தேதியும் அதோடு பதிவாகிவிடும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? ஒன்டாரியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர் 1 முதல் மணிக்கு 17.60 டாலர். பண்ணை வேலைகளுக்கு எந்தப் பயிருக்கு எந்த மாகாணத்தில் எவ்வளவு என்று மத்திய அரசு தனிப் பட்டியலும் வைத்திருக்கிறது, உங்கள் ஒப்பந்தக் கூலி அதற்குக் கீழே போகக்கூடாது. 17.60 என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் 58 மணி நேரம் உழைத்திருக்கிறீர்கள், சம்பளச் சீட்டில் 52 என்று இருக்கிறது. ஒரு வாரத்துக்கு 105.60 டாலர் காணோம். இருபது வாரத்தில் 2,112 டாலர். ஒவ்வொரு வாரமும் பார்த்தால் சின்னத் தொகை, சண்டை போட மனசு வராது. அதனால்தான் இப்படிச் செய்கிறவர்கள் ஆறு மணி நேரத்தை மட்டும் எடுக்கிறார்கள், இருபதை எடுப்பதில்லை.

ஓவர்டைம் பற்றி ஒரு கசப்பான உண்மை. ஒன்டாரியோவில் மற்றத் தொழிலாளிக்கு வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு சம்பளம். பண்ணைத் தொழிலாளிக்கு அது கிடையாது. ஒரு நாளைக்கு இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்ற வரம்பும் பொருந்தாது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பண்ணை வேலைக்கு ஓவர்டைம் விதி இல்லை. உள்ளூர்க்காரர் பண்ணையில் வேலை செய்தாலும் இதே விதிதான், ஆனால் அவர் பிடிக்கவில்லை என்றால் அடுத்த நாள் கிளம்பிப் போய்விடுவார், உங்களால் முடியாது. ஒப்பந்தத்தில் கூடுதல் மணி நேரத்துக்குத் தனிக் கூலி எழுதியிருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம். நீங்கள் பார்ப்பது வயல் வேலையே இல்லை, வேறு பண்ணைகளிலிருந்து வருகிற சரக்கைப் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை என்றால் விதி மாறலாம், சட்ட உதவி மையத்தில் கேளுங்கள்.

பழம், காய்கறி, புகையிலை அறுவடை செய்கிறவர்கள் ஒரே முதலாளியிடம் 13 வாரம் முடித்துவிட்டால் விடுமுறைச் சம்பளமும் பொதுவிடுமுறைச் சலுகையும் உண்டு. கூடைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தாலும் மணிக்கணக்கில் போட்டுப் பார்த்தால் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது.

சம்பளச் சீட்டில் வருமான வரி, ஓய்வூதியத் திட்டம், வேலைவாய்ப்புக் காப்பீடு என மூன்று பிடிப்புகள் வரும், அது எல்லோருக்கும் உள்ளது. வீட்டுக்கு விவசாயப் பிரிவில் வாரம் 30 டாலர் வரை பிடிக்கலாம். இதற்கு மேல் "வண்டி", "கருவி", "நிர்வாகம்" என்று எதைப் பார்த்தாலும் படம் எடுத்து வையுங்கள். சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டு ஒரு பகுதியைக் கையில் திருப்பி வாங்குகிற வழக்கமும் இருக்கிறது. அப்படி நடந்தால் ஏ.டி.எம்.மில் எடுத்த தேதியையும் தொகையையும் யாரிடம் கொடுத்தீர்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். வங்கிக் கணக்கில் அதே தேதி இருக்கும், இரண்டும் பொருந்தினால் மறுப்பது கஷ்டம்.

ஆறாம் படி: வீடு, வண்டி

எல்.எம்.ஐ.ஏ. வாங்கும் முன், நீங்கள் தங்கப்போகிற வீட்டைப் பரிசோதிக்க வைத்து முதலாளி அறிக்கை கொடுக்க வேண்டும், இத்தனை பேர் தங்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். பரிசோதனையின்போது எட்டுப் பேர், நீங்கள் வரும்போது பதினாறு பேர் என்பது நடக்கிற விஷயம். படுக்கைகளை எண்ணி, கழிவறையை, அடுப்பை, ஒழுகுகிற கூரையை வீடியோ எடுங்கள். 2020இல் கொரோனா பரவியபோது ஒன்டாரியோவில் மூன்று மெக்சிகோ தொழிலாளிகள் இறந்தார்கள், நெருக்கியடித்த விடுதிகள் பற்றி நாடே அப்போதுதான் பேசியது. அடுத்த வருடம் கனடாவின் தலைமைத் தணிக்கையாளர், அரசின் பரிசோதனைகளே ஒழுங்காக நடக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தார்.

வீடு பண்ணைக்கு வெளியே இருந்தால் வேலைக்கு அழைத்துப்போகிற வண்டி இலவசம். சீட் பெல்ட் எத்தனை, ஆள் எத்தனை என்று பாருங்கள். 2007இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் அபட்ஸ்ஃபோர்டில் ஆளை அடைத்துக்கொண்டு போன வேன் கவிழ்ந்து மூன்று பஞ்சாபிப் பண்ணைத் தொழிலாளப் பெண்கள் இறந்தார்கள், அந்த வண்டியில் எல்லோருக்கும் பெல்ட் இல்லை.

ஏழாம் படி: அடிபட்டால், ஆபத்தான வேலை சொன்னால்

ஒன்டாரியோவில் தொழில் பாதுகாப்புச் சட்டம் பண்ணைகளுக்குப் பொருந்தத் தொடங்கியது 2006 ஜூன் இறுதியில்தான். அதன்படி ஆபத்து என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. பூச்சிமருந்து அடித்த வயலுக்குள் எத்தனை மணி நேரம் கழித்துப் போகலாம் என்பது மருந்து டப்பாவின் லேபிளிலேயே இருக்கும், அதைக் காட்டச் சொல்லலாம்.

மறுப்பது எப்படி? "முடியாது" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துவிடக்கூடாது. சூப்பர்வைசரிடம் இந்த வேலை பாதுகாப்பில்லை என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே பத்திரமான இடத்தில் நிற்க வேண்டும். அவர் பார்த்துச் சரிசெய்ய வேண்டும், சரியாகவில்லை என்றால் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆய்வாளரை வரவழைக்கலாம், எண் 1-877-202-0008. ஆங்கிலம் வரவில்லை என்றால் "நாட் சேஃப்" என்ற இரண்டு சொல் போதும். 2010இல் ஒன்டாரியோவின் ஏட்டன் என்ற ஊருக்குப் பக்கத்து ஆப்பிள் பண்ணையில் வினிகர்த் தொட்டிக்குள் பம்பைச் சரிசெய்யப் போன இரண்டு ஜமைக்காக்காரர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். தொட்டி, கிணறு, தானியக் கிடங்கு என்று மூடிய இடம் எதற்குள்ளும் சும்மா இறங்காதீர்கள்.

அடிபட்டால் முதலில் மருத்துவமனை. அங்கே டாக்டரிடம் இது வேலையில் பட்ட அடி என்று கட்டாயம் சொல்லுங்கள். "வீட்டில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லு" என்று கூட வருகிற சூப்பர்வைசர் சொல்லிக்கொடுப்பார், அதை மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், ஏனென்றால் டாக்டர் எழுதுகிற அந்த ஒரு வரியை வைத்துத்தான் பின்னால் எல்லாம் நடக்கும். அதன் அடிப்படையில்தான் தொழிலிடப் பாதுகாப்புக் காப்பீட்டு வாரியம் மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் தரும். முதலாளி மூன்று வேலை நாளுக்குள் வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அவர் அனுப்பாவிட்டால் நீங்களே ஆறாம் எண் படிவத்தை நிரப்பலாம். கெடு ஆறு மாதம். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டாலும் இந்தக் காப்பீட்டு உரிமை போய்விடாது.

எட்டாம் படி: யாரிடம் புகார் சொல்வது

சம்பளம், விடுமுறைச் சம்பளம், ஏஜென்ட் கட்டணம் எல்லாம் மாகாணம் பார்ப்பது. ஒன்டாரியோ தொழில்தர அலுவலகம் 1-800-531-5551. பெர்மிட்டின் நிபந்தனைகளை முதலாளி மீறுவது, அதாவது ஒப்பந்தத்தில் இல்லாத வேலை, பக்கத்துப் பண்ணைக்கு உங்களைக் கடன் கொடுப்பது, மோசமான வீடு, பாஸ்போர்ட் பறிப்பு, மிரட்டல் எல்லாம் மத்திய அரசு பார்ப்பது. சர்வீஸ் கனடாவின் ரகசியப் புகார் எண் 1-866-602-9448. பெயர் சொல்லாமலும் பேசலாம், 200க்கு மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்ப்பாளர் உண்டு, "தமிழ்" என்று கேளுங்கள். முதலாளிக்கு ஒரு மீறலுக்கு 500 டாலர் முதல் 1,00,000 டாலர் வரை அபராதம் போடலாம், வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை போகலாம், நிரந்தரத் தடையும் போடலாம்.

ஆனால் போன் செய்த மறுநாள் ஜீப் வந்து இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பரிசோதகர் வர வாரங்கள் ஆகலாம், வந்தால் முதலாளி முன்னாலேயே உங்களைக் கேட்கலாம், ஆகவே தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அடைத்து வைத்திருக்கிறார்கள், அடிக்கிறார்கள் என்றால் போலீஸ் அவசர எண் 911. ஆள்கடத்தல் உதவி எண் 1-833-900-1010.

சங்கம் சேரலாமா என்று கேட்பார்கள். ஒன்டாரியோவில் பண்ணைத் தொழிலாளி மற்றவர்கள் போல யூனியன் அமைத்துக் கூட்டுப் பேரம் நடத்த முடியாது, 2002ஆம் வருடத் தனிச் சட்டப்படி சங்கமாகச் சேர்ந்து கோரிக்கை கொடுக்கலாம், முதலாளி அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 2011இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

அதனால் இலவசச் சட்ட உதவி மையங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். டொரண்டோவில் ஒன்டாரியோ தெற்காசியர் சட்ட மையம் இருக்கிறது. பண்ணைத் தொழிலாளர்களோடு பல வருடமாக வேலை செய்கிற ஜஸ்டீஷியா ஃபார் மைக்ரண்ட் வொர்க்கர்ஸ், மைக்ரண்ட் வொர்க்கர்ஸ் அலையன்ஸ் ஃபார் சேஞ்ச் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. ஸ்கார்பரோவில் தெரிந்த அண்ணன் ஒருவர் எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று போய், அவரிடமும் இரண்டாயிரம் டாலர் இழந்தவரை எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் படி: முதலாளியை விட்டு வெளியேறும் வழி

ஒரே முதலாளி என்ற கட்டை அவிழ்க்கச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது, 2019 ஜூனிலிருந்து. வேலையிடத்தில் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களுக்கான திறந்த வொர்க் பெர்மிட். அது கிடைத்தால் கனடாவில் அநேகமாக எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பொதுவாக 12 மாதத்துக்குக் கொடுப்பார்கள்.

துன்புறுத்தல் என்றால் அடி, உதை மட்டும் இல்லை. பாலியல் தொல்லை, மிரட்டல், ஓயாத வசவு, போனைப் பறிப்பது, வெளியே போகவிடாதது, சம்பளத்தைப் பிடித்து வைப்பது, வேலைக்காகப் பணம் கறப்பது எல்லாம் அதில் அடங்கும். நடந்துவிட்டதாக மட்டும் இல்லை, நடக்கும் அபாயம் இருக்கிறது என்றாலும் கேட்கலாம்.

நிபந்தனைகள் உண்டு. நீங்கள் கனடாவுக்குள் இருக்க வேண்டும், ஒரே முதலாளிக்கான பெர்மிட் இன்னும் செல்லுபடியாக வேண்டும், அல்லது முடியும் முன் நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். தேதி முடிந்த பிறகு வந்து கேட்கிறவர்கள்தான் அதிகம், அப்போது வழி ரொம்பக் குறுகிவிடுகிறது. பெர்மிட் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே யோசிக்கத் தொடங்குங்கள்.

குடிவரவுத் துறையின் தளத்தில் கணக்குத் தொடங்கி, கனடாவுக்குள்ளிருந்து நிபந்தனையை மாற்றக் கேட்கும் ஐ.எம்.எம். 5710 படிவத்தை நிரப்ப வேண்டும். கூடவே என்ன நடந்தது என்று உங்கள் வாக்குமூலம். இதில்தான் எல்லாம் இருக்கிறது. "முதலாளி மோசம், கொடுமை தாங்கவில்லை" என்று எழுதினால் அதிகாரிக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. "மே 4, ஞாயிறு, காலை 6 மணி, மூன்றாம் பசுமைக்குடில், காய்ச்சல் என்று சொன்னேன், சூப்பர்வைசர் டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவேன் என்று கத்தினார், பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்" என்று எழுதுங்கள். நோட்டுப் புத்தகம் இங்கேதான் சோறு போடும். சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வாட்ஸ்ஆப், படங்கள், மருத்துவச் சீட்டு, கூட வேலை செய்கிறவரின் கடிதம் எது இருக்கிறதோ அதை வையுங்கள். கோர்ட்டில் நிரூபிக்கிற அளவுக்குத் தேவையில்லை, நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் போதும் என்பதுதான் அளவுகோல்.

ஒரு எச்சரிக்கை. இல்லாத வேலைக்குத் தெரிந்தே காகிதம் வாங்கி வந்திருந்தால், அல்லது விண்ணப்பத்தில் ஏஜென்ட் பொய் அனுபவம் போட்டிருந்தால், தானாகப் போய் விண்ணப்பிக்காதீர்கள். தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் ஐந்து வருடம் கனடாவுக்குள் வர முடியாமல் போகலாம். முதலில் சட்ட மையத்து வக்கீலிடம் உண்மையை முழுவதும் சொல்லுங்கள், அவர் அதை வெளியே சொல்லமாட்டார்.

பத்தாம் படி: வேலையை விட்டு நிறுத்தினால்

"நாளைக்கே டிப்போர்ட் பண்ணிடுவேன்" என்று சொல்கிற முதலாளிக்கு அந்த அதிகாரம் இல்லை. நாடுகடத்துவது எல்லைச் சேவை அதிகாரிகளின் வேலை, அதற்கும் நடைமுறை உண்டு. வேலை போன மறுநாளே நீங்கள் சட்டவிரோதி ஆகிவிடுவதும் இல்லை, பெர்மிட்டில் உள்ள தேதி வரை கனடாவில் இருக்கலாம். ஆனால் வேறு இடத்தில் வேலை செய்யக்கூடாது, புது முதலாளி தன் எல்.எம்.ஐ.ஏ.வை வாங்கி உங்களுக்குப் புது பெர்மிட் வர வேண்டும். கைக்காசுக்கு என்று மறைவாக வேலைக்குப் போனால் இதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயமெல்லாம் பலவீனமாகிவிடும்.

விமானத்தில் ஏறச் சொல்லி இரவோடு இரவாக வண்டியில் ஏற்றினால், ஏற மறுக்கலாம். எதிலாவது கையெழுத்துக் கேட்டால், குறிப்பாக நானாகவே விலகுகிறேன் என்ற தாளில், போடாதீர்கள்.

இந்த வேலையைப் பிடித்து நிரந்தர வதிவிடம் வாங்கலாம் என்று சொல்லித்தான் பலரை அழைத்து வருகிறார்கள். வேளாண் உணவுத் துறைக்கென்று இருந்த முன்னோட்டத் திட்டம் 2025இல் முடிந்துவிட்டது. புள்ளி போட்டு நிரந்தர வதிவிடத்துக்கு ஆள் எடுக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் எல்.எம்.ஐ.ஏ. வேலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த கூடுதல் புள்ளிகளையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். இன்னமும் அந்தப் புள்ளிகளைக் காட்டி விலை சொல்கிறவர் பழைய சரக்கை விற்கிறார்.

ஊருக்குத் திரும்பும் முன் கடைசிச் சம்பளச் சீட்டையும் வேலைப் பதிவுச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். முந்தைய வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டுகிற டி4 என்ற சீட்டு பிப்ரவரி இறுதிக்குள் வரும், அதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று சொல்லிவிட்டுப் போங்கள், ஏப்ரல் 30க்குள் வருமான வரிக் கணக்குக் கொடுத்தால் கூடப் பிடித்த வரி திரும்பி வர வாய்ப்பு உண்டு. அப்புறம், அந்த நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஒன்டாரியோவில் தராத சம்பளத்துக்கு இரண்டு வருடம் வரை புகார் கொடுக்கலாம், சட்டவிரோதமாக வாங்கிய ஆள்சேர்ப்புக் கட்டணத்துக்கு மூன்றரை வருடம் வரை. விண்ணப்பம் இணையத்தில்தான், பட்டுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டும் அனுப்பலாம்.